லேப் பூட்டியிருக்கும்போது வேதியியல் செய்முறை நடத்துவது எப்படி? புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2020 ஆகஸ்ட்டில் இணையவழி வகுப்புகள் தொடங்கியபோது, இரண்டாமாண்டு பி.எஸ்சி. வேதியியல் பிராக்டிகல் என் பொறுப்பில் இருந்தது. வெறிச்சோடிக் கிடந்த லேபில் தரம்பார்த்தல் சோதனையை (பியூரெட் என்ற கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து, நிறம் மாறும் இடத்தில் நிறுத்துவது) 47 நிமிட வீடியோவாக எடுத்து அனுப்பினேன். மறுநாள் ஒரு மாணவி போன் செய்தாள். "மேம், எல்லாம் பார்த்துட்டேன். ஆனா நீங்க ஏன் அந்த இடத்துல நிறுத்துனீங்கன்னு மட்டும் புரியல" என்றாள். எங்கே நிறுத்துவது என்பதுதானே அந்தச் சோதனையில் நான் கற்றுத்தர வேண்டியது. என் கை வேலை செய்ததை 47 நிமிடம் காட்டியிருக்கிறேன். அவளை ஒரு முடிவுகூட எடுக்க விடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பருவம் முழுக்கத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் எங்கள் லேபுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அப்போது இதே முறையை மூன்றே நாளில் மீண்டும் ஓட வைக்க முடிந்தது. லேபின் கதவு எந்தக் காரணத்தால் மூடினாலும் இந்த வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

1. சோதனைகளை மூன்றாகப் பிரியுங்கள்: கை, கண், கணக்கு

கேமராவைத் தொடுவதற்கு முன் பாடத்திட்டத்தை எடுத்து ஒரு மாலை உட்காருங்கள். ஒவ்வொரு சோதனைக்கு எதிரேயும் அதில் மாணவர் உண்மையில் கற்பது என்ன என்று எழுதுங்கள். பிப்பெட்டில் உறிஞ்சி விரலால் அடைப்பது, வடிதாளை மடிப்பது, சோதனைக்குழாயைச் சுடரில் சாய்த்துப் பிடிப்பது எல்லாம் கை வேலை. முடிவுநிலையின் (தரம்பார்த்தலை நிறுத்த வேண்டிய இடத்தின்) நிறம், வீழ்படிவின் தன்மை, பியூரெட்டின் கோடு ஆகியவை கண் வேலை. நார்மாலிட்டி (கரைசலின் செறிவு), வரைபடம், பிழை, அடுத்து எந்தச் சோதனை என்ற தீர்மானம் ஆகியவை கணக்கு வேலை.

கணக்கு வேலையைத் தொலைவிலிருந்து நன்றாகவே கற்றுத்தரலாம். கண் வேலையைப் பாதிக்குமேல் தரலாம். கை வேலையைத் தர முடியாது. இதை முதல் நாளே ஒப்புக்கொண்டு, கை வேலை முழுவதையும் லேப் திறந்த பிறகு என்று ஒரு தனிப் பட்டியலில் போடுங்கள். அந்தப் பட்டியல் பத்தாம் படிக்குத் தேவைப்படும்.

எங்கள் மூன்றாமாண்டு பிசிக்கல் செய்முறையில் மெத்தில் அசிட்டேட் நீராற்பகுப்பு, கடத்துத்திறன் தரம்பார்த்தல், பீனால்–நீர் மாறுநிலைக் கரைசல் வெப்பநிலை ஆகியவை பெரும்பாலும் கணக்கு வேலை. முதலாண்டு பருமனறி பகுப்பாய்வில் (கரைசலின் கன அளவை வைத்துக் கணிப்பது) கையும் கண்ணும் அதிகம். எடையறி பகுப்பாய்வு (வீழ்படிவை எடைபோட்டுக் கணிப்பது) ஏறக்குறைய முழுவதும் கை. அதை இணையவழியில் நடத்தப் பார்த்து இரண்டு வாரம் வீணாக்கினேன். நீங்கள் அதைத் தொடவே வேண்டாம்.

2. எழுத்தில் அனுமதி வாங்குங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். தொலைபேசியில் "சரி, பண்ணுங்க" என்று சொன்னவர், தேர்வு நேரத்தில் அதே பொறுப்பில் இருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. கீழே உள்ளவை கோப்பில் இருக்க வேண்டும்:

- துறைக் கூட்டத் தீர்மானம்: எந்தச் சோதனைகள் இணையவழியில், எவை ஒத்திவைப்பு, எவை நீக்கம். எல்லா ஆசிரியர்களின் கையொப்பத்துடன்.
- முதல்வரின் அனுமதிக் கடிதம். ஊரடங்கோ வெள்ளமோ, லேபுக்குள் நீங்கள் நுழையும் தேதிகள் அதில் குறிப்பிடப்பட வேண்டும். உங்களோடு லேப் உதவியாளர் ஒருவர் கட்டாயம் இருப்பார் என்பதும் அதிலேயே இருக்கட்டும். தனியாக உள்ளே போகாதீர்கள்.
- தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவின் ஒப்புதல், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஒரு நகல். இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகத்தின் சுற்றறிக்கை எண்ணைத் தீர்மானத்திலேயே குறிப்பிடுங்கள்.
- வீட்டுச் சோதனை தரப்போகிறீர்கள் என்றால் பெற்றோர் ஒப்புதல் கடிதம், தமிழில், ஒரே பக்கத்தில்.

2020 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட தேர்வு வழிகாட்டுதலில், செய்முறைத் தேர்வையும் வாய்மொழித் தேர்வையும் இணையவழிச் சந்திப்புச் செயலிகள் வழியே நடத்தலாம் என்று இருந்தது. அது அந்தக் காலத்துக்கான ஏற்பாடு. அடுத்த நெருக்கடியில் அதையே காட்டி நடத்திவிடலாம் என்று எண்ண வேண்டாம். அப்போது நடப்பில் உள்ள உத்தரவைத் தேடி எடுங்கள். எனக்கு இந்தக் காகித வேலைக்குப் பத்து நாள் ஆனது. படப்பிடிப்பு வேலையை அதே பத்து நாளில் பக்கத்திலேயே ஓட்டலாம்.

3. யாரிடம் என்ன இருக்கிறது என்று போன் போட்டுக் கேளுங்கள்

கூகுள் படிவம் அனுப்பிக் கேட்டால், இணையம் இருப்பவர்கள் மட்டும்தான் பதில் சொல்வார்கள். நான் செய்த தவறு இது. ஒரு வகுப்பில் நாற்பது பேர் என்றால் ஆளுக்கு ஐந்து நிமிடம், இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். நான்கே கேள்விகள்: போன் யாருடையது, எந்த நேரத்தில் உன் கையில் இருக்கும், ஒரு நாளைக்கு எவ்வளவு டேட்டா, வீட்டில் சிக்னல் கிடைக்கிறதா அல்லது மாடிக்குப் போக வேண்டுமா?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். என் மாணவர்களில் ஒன்பது பேருக்குப் போன் அப்பாவுடையது. இரவு எட்டு மணிக்கு அவர் வேலை முடிந்து வந்த பிறகே கைக்கு வரும். காலை பத்து மணிக்கு நேரலை வைத்து வருகைப்பதிவு எடுத்தால் அந்த ஒன்பது பேரும் பருவம் முழுக்க "ஆப்சென்ட்". ஆகவே பிராக்டிகலை நேரலையாக வைக்காதீர்கள். பொருளைக் காலையில் அனுப்புங்கள். பதிலுக்கு 48 மணி நேரம் கொடுங்கள். சந்தேகத்துக்கு இரவு எட்டரை முதல் ஒன்பதரை வரை போனில் இருங்கள்.

2021 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டா தரும் அட்டைகளை ஏப்ரல் வரைக்கும் அறிவித்தது. அதற்கு முந்தைய மாதங்களில் பல பிள்ளைகள் ஒரு நாள் டேட்டாவை மூன்று பாட ஆசிரியர்களுக்கிடையே பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். உங்கள் வீடியோ அந்தப் பங்கில் எவ்வளவு எடுக்கிறது என்பதை எப்போதும் மனதில் வையுங்கள்.

இணையமே இல்லாதவர்களுக்கு அச்சுப் பொதி: கறுப்பு வெள்ளையில் முப்பது பக்கம், தபாலில். வெள்ளத்தின்போது எங்கள் பகுதியில் தபாலும் சில நாள் நின்றுபோனது. அந்த ஊர்ப் பக்கம் போகும் முன்னாள் மாணவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினோம்.

4. வீடியோ: மூன்று நிமிடம், ஒரு கேள்வி, ஒரு நிறுத்தம்

ஒரு சோதனைக்கு ஒரே நீள வீடியோ எடுக்காதீர்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் போகாத நான்கைந்து துண்டுகளாக எடுங்கள். அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் 16 எம்.பி.க்கு மேல் வீடியோ போகாது. அந்தக் கட்டுப்பாடு எனக்கு நல்ல ஒழுங்கைக் கற்றுத்தந்தது.

ஒவ்வொரு துண்டும் ஒரு தீர்மானத்தின் வாசலில் முடிய வேண்டும். பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில், துளி விழுந்து இளஞ்சிவப்பு பரவி மறையும் இடத்தில் வீடியோவை நிறுத்தி, "இப்போது நிறுத்தலாமா, இன்னும் ஒரு துளி விடலாமா? காரணம் எழுதி அனுப்பு" என்று கேளுங்கள். பதில் வந்த பிறகுதான் அடுத்த துண்டு. இந்த ஒரு மாற்றத்தால் வகுப்பே வேறு மாதிரி ஆனது.

கருவிகள்: போனைக் கவிழ்த்துப் பிடிக்கும் வளைகம்பித் தாங்கி ஒன்று (நான் 400 ரூபாய்க்கு வாங்கினேன்), சட்டையில் மாட்டும் சிறிய மைக், அடியில் வெள்ளை ஓடு, பின்னால் வெள்ளை அட்டை. லேபின் மின்விசிறியை நிறுத்துங்கள். அந்த இரைச்சல் உங்கள் குரலை விழுங்கிவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் மேகம் நகரும்போது நிறம் மாறும். ஒரே குழல்விளக்கின் கீழ் எல்லாவற்றையும் எடுங்கள். போன் கேமரா தானாக நிறத்தைத் "திருத்தும்" வசதியைப் பூட்டிவிடுங்கள். மெத்தில் ஆரஞ்சின் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை என் போன் அழகாகச் சமன்செய்து அழித்திருந்தது. ஒரு நாள் படப்பிடிப்பு மொத்தமும் போயிற்று.

தவறான வீடியோக்களும் எடுங்கள். பியூரெட் முனையில் காற்றுக்குமிழியோடு தொடங்குவது, புனலை எடுக்க மறப்பது, முடிவுநிலையைத் தாண்டிப் போவது, பியூரெட்டை எடுக்கப்போகும் கரைசலால் அலசாமல் நிரப்புவது. "இதில் என்ன தவறு? அதனால் விடை கூடுமா குறையுமா?" சரியான செய்முறையைப் பார்ப்பதைவிட இதில்தான் பிள்ளைகள் அதிகம் கற்றார்கள். வைவாவிலும் (வாய்மொழித் தேர்வு) இதையே கேட்டேன்.

ஒரு நாளில் இரண்டு சோதனைகளுக்கு மேல் எடுக்க முடியாது. பத்துச் சோதனைக்கு ஐந்து முழு நாள் லேபில், அதற்குமேல் வெட்டி ஒட்ட ஐந்து இரவு.

5. பியூரெட் படங்களும் ஆளுக்கொரு தரவும்

எல்லோருக்கும் ஒரே அளவீடுகளைக் கொடுத்தால், அரை மணி நேரத்தில் ஒரே கணக்கு வகுப்புக் குழு முழுக்கச் சுற்றிவிடும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. தரவை மாற்றுங்கள்.

பியூரெட்டில் கரைசலை நிரப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, அறுபது எழுபது இடங்களில் கண்மட்டத்தில் படம் எடுத்துவைத்தேன். ஒன்றரை மணி நேர வேலை. ஒவ்வொரு மாணவருக்கும் தொடக்க அளவு, இறுதி அளவு என்று மூன்று ஜோடிப் படங்கள் போகும். எண்ணைப் படித்து எடுப்பது அவர்கள் வேலை. அப்போதுதான், நேரடி லேபில் பல ஆண்டுகள் என் கண்ணில் படாத ஒரு தவறு தெரிந்தது. பியூரெட்டின் எண்கள் மேலிருந்து கீழே ஏறும். 17க்கும் 18க்கும் நடுவில், 18க்குக் கொஞ்சம் மேலே நிற்கும் கரைசலை, 17.7 என்று படிக்க வேண்டியதை, வகுப்பில் கால்வாசிப் பேர் 18.3 என்று எழுதியிருந்தார்கள். லேபில் இரண்டு தரம் ஒரே மாதிரி தவறாகப் படித்தால் ஒத்த அளவீடு போலவே தோன்றும். யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

பெர்மாங்கனேட் படங்களில் பிறையின் (குழாயில் கரைசலின் வளைந்த மேற்பரப்பு) மேல் விளிம்பைப் படிக்க வேண்டும், நிறமற்ற கரைசல்களில் கீழ் விளிம்பை. இரண்டையும் கலந்து கொடுங்கள்.

வினையின் வேகத்தை அளக்கும் வேகவியல் சோதனைகளுக்கு விரிதாளில் தரவு உருவாக்கலாம். மெத்தில் அசிட்டேட்டை 0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நீராற்பகுக்கும்போது, அறை வெப்பநிலையில் வேக மாறிலி நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.004 என்ற அளவில் வரும். அதையொட்டி ஆளுக்குச் சற்று மாறிய மாறிலியை வைத்து, ஒவ்வொரு அளவீட்டிலும் 0.1 மி.லி. வரை கூட்டிக் குறைத்து, ஒரு புள்ளியை மட்டும் வேண்டுமென்றே கோட்டிலிருந்து தள்ளிவையுங்கள். அந்தப் புள்ளியை என்ன செய்தாய், ஏன் என்று கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இது உருவாக்கிய தரவு என்று மாணவருக்குச் சொல்லுங்கள். ரெக்கார்டில் "ஆசிரியர் வழங்கிய தரவு" என்று மேலே எழுதச் சொல்லுங்கள். செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதும் பழக்கத்தை நாமே தொடங்கிவைத்துவிடக் கூடாது. முந்தைய ஆண்டு மாணவர்களின் உண்மையான அளவீடுகள் துறையில் இருந்தால், பெயரை மறைத்து அவற்றைக் கொடுப்பது இன்னும் நல்லது.

6. சால்ட் அனாலிசிஸ்: பதிலைச் சொல்லாதீர்கள், கேட்டால் மட்டும் காட்டுங்கள்

கொடுத்த உப்பு எது என்று சோதனைகளால் கண்டுபிடிக்கும் இந்தப் பகுதிதான் இணையவழியில் நான் நடத்தியதிலேயே நன்றாக வந்தது. நேரடி லேபைவிட நன்றாக வந்தது என்றுகூடச் சொல்வேன். லேபில் பக்கத்து மேசைக் குழாயைப் பார்த்துவிட்டு "எனக்கும் நீலம்தான்" என்பவர்கள் இங்கே தனியாக யோசிக்க வேண்டியிருந்தது.

முதலில் படக் கிடங்கு. பத்து உப்புகள், ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு பதினைந்து சோதனைகள். ஏறக்குறைய 150 படங்கள். ஒவ்வொரு படத்திலும் ஓரமாக ஒரு வெள்ளைத் தாள் தெரியட்டும்; நிறம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று கண் அதை வைத்துக் கணிக்கும். பழுப்பு வளையம், சுடரின் நிறம் போன்றவற்றைச் சிறு வீடியோவாக எடுங்கள். நிக்கலின் ரோஜாச் சிவப்பு, தாமிரத்துக்கு பெர்ரோசயனைடில் வரும் சாக்லேட் பழுப்பு, ஈய அயோடைடின் மஞ்சள் எல்லாம் படத்தில் அருமையாக வரும். அலுமினியத்தின் ஜெலாட்டின் போன்ற வெள்ளை வீழ்படிவு படத்தில் தெரியவே தெரியாது. குழாயைச் சாய்த்து ஆட்டி வீடியோ எடுத்தால்தான் அந்தக் கொழகொழப்பு புரியும். நிறக்குருடு உள்ள மாணவர் இருக்கிறாரா என்று தனியாகக் கேட்டுவைத்து, அவருக்கு நிறத்தை எழுத்தில் கொடுங்கள்.

பிறகு ஆட்டம் தொடங்கும். ஆறு பேர் கொண்ட குழுவுக்கு வாட்ஸ்அப்பில் ஒன்றரை மணி நேரம். ஒவ்வொருவருக்கும் ஓர் உப்பு எண். அவர் "நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்கிறேன்" என்று தனிச்செய்தி அனுப்பினால், நீங்கள் அந்தப் படத்தை அனுப்புவீர்கள். விளக்கம் கிடையாது. நோக்கலை அவர் எழுத வேண்டும், ஊகத்தையும் அவரே. மொத்தம் இருபது சோதனைதான் கேட்கலாம் என்று வரம்பு வையுங்கள். வரம்பு இல்லாவிட்டால் பட்டியலை மேலிருந்து கீழ்வரை வரிசையாகக் கேட்டுத் தள்ளுவார்கள், யோசிக்க மாட்டார்கள்.

தவறான பாதைகளுக்கும் படம் எடுத்துவைப்பது முக்கியம். துத்தநாக உப்புக் கரைசலை அமிலமாக்காமல் ஹைட்ரஜன் சல்பைடு செலுத்தினால், நான்காம் தொகுதியில் (உப்பிலுள்ள உலோகங்களை வரிசையாகப் பிரிக்கும் பிரிவுகளில் ஒன்று) வர வேண்டிய வெள்ளை வீழ்படிவு இரண்டாம் தொகுதியிலேயே வந்து நிற்கும். மாணவர் இரண்டாம் தொகுதி உலோகங்களைத் தேடித் தேடி ஐந்து சோதனைகளை இழப்பார். "கரைசலை அமிலமாக்கினாயா?" என்று அப்போது கேட்டால், அமிலம் ஏன் என்பது வாழ்நாளுக்கும் மறக்காது. மூன்றாம் தொகுதிக்கு முன் அம்மோனியம் குளோரைடை விட்டுவிட்டால் மெக்னீசியம் முன்கூட்டியே ஹைட்ராக்சைடாக விழுவதையும் இப்படியே படமெடுத்து வையுங்கள்.

நாற்பது பேருக்கு ஏழு குழு. வாரம் பத்து மணி நேரத்துக்கு மேல் போகும். இரண்டாவது மாதத்தில் என் உடம்பு தாங்கவில்லை. அதனால் பாதி உப்புகளைக் கூகுள் படிவத்துக்கு மாற்றினேன். விடைக்கு ஏற்ப அடுத்த பகுதிக்குத் தாவும் வசதி அதில் உண்டு. ஓர் உப்புக்குப் படிவம் அமைக்க நான்கு மணி நேரம் ஆகும். ஒருமுறை செய்தால் ஆண்டாண்டுக்கும் இருக்கும். அனுப்புவதற்கு முன் நீங்களே வேண்டுமென்று தப்பான வழியில் போய்ப் பாருங்கள். முட்டுச்சந்தில் மாட்டினால் மாணவரும் அங்கேதான் நிற்பார்.

7. மெய்நிகர் ஆய்வகங்கள்

மத்தியக் கல்வி அமைச்சகத்தின் விர்ச்சுவல் லேப்ஸ், அதில் அமிர்தா விஷ்வ வித்யாபீடம் அமைத்துள்ள வேதியியல் பகுதி, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கெம்கலெக்டிவ், கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் உருவகங்கள். எல்லாம் இலவசம். கரைசல் தயாரித்தல், நீர்த்தல் கணக்குகளுக்குக் கெம்கலெக்டிவ் நன்று. பீர் விதிக்கு (கரைசலின் செறிவுக்கேற்ப அது உறிஞ்சும் ஒளி) பெட். நிறமாலைப் பயிற்சிக்கு ஜப்பானின் எஸ்.டி.பி.எஸ். தரவுத்தளத்தில் உண்மையான அகச்சிவப்பு, என்.எம்.ஆர். நிறமாலைகள் கிடைக்கும்.

ஒரு கண்ணி உண்டு. பிளாஷ் என்ற மென்பொருளில் செய்த பழைய உருவகங்கள் 2020 இறுதியோடு உலாவிகளில் நின்றுபோயின. உங்கள் கணினியில் ஓடுவது மாணவரின் போனில் ஓடும் என்று நம்பாதீர்கள். குறைந்த விலைப் போன் ஒன்றை இரவல் வாங்கி, ஒவ்வோர் இணைப்பையும் அதில் திறந்து பார்த்த பிறகு அனுப்புங்கள். ஒரு சோதனைக்கு ஓர் உருவகம் போதும். நான்கைந்து இணைப்புகளை அனுப்பினால் ஒன்றைக்கூடத் திறக்க மாட்டார்கள்.

8. வீட்டுச் சோதனை: இரண்டே இரண்டு

மாணவரின் கை கொஞ்சமாவது ஈரமாக வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். ஆனால் வீட்டில் விபத்து நடந்தால் உதவிக்கு ஆளில்லை. ஆகவே இரண்டு சோதனைகளோடு நிறுத்திக்கொண்டேன்.

முதலாவது நிறங்காட்டிகள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்குங்கள். ஆனால் சுண்ணாம்பை வீட்டில் கையாளச் சொல்லாதீர்கள். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. சமையல் சோடாவும் வாஷிங் சோடாவும் போதும். முதலாவதில் மஞ்சள் மங்கலாக மாறும், இரண்டாவதில் அழுத்தமாகச் சிவக்கும். இரண்டும் காரம்தானே, ஏன் வேறுபாடு? சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்த நீல நீரில் எலுமிச்சை, வினிகர், இரண்டு சோடாக்கள் ஆகியவற்றை விட்டு வரிசையாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது உண்மையான தரம்பார்த்தல். 500 மி.கி. வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பொடித்து 250 மி.லி. நீரில் கரைக்க வேண்டும். அளவுக்குக் கோடு போட்ட குழந்தைப் பால்புட்டி போதும். அதில் 10 மி.லி. எடுத்து, ஆறிய வடிகஞ்சியை நீர்த்து நான்கு சொட்டு விட்டு, 5 சதவீத பொவிடோன் அயோடின் கரைசலை ஊசியில்லாத சிரிஞ்சால் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். கருநீலம் நிலைத்தால் முடிவு. 5 சதவீதக் கரைசலில் கிடைக்கும் அயோடின் 0.5 சதவீதம், அதாவது லிட்டருக்கு 5 கிராம். கணக்குப்படி 5.8 மி.லி. அருகே வர வேண்டும். சிரிஞ்சின் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையே எத்தனை மி.லி. என்பதை முதலில் எழுத வையுங்கள். பிழையைப் பேச அதைவிட நல்ல இடம் இல்லை. பாதிக் கரைசலைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து மீண்டும் பார்க்கச் சொன்னபோது, சமையலில் வைட்டமின் என்ன ஆகிறது என்று அம்மாக்களும் வந்து உட்கார்ந்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள்.

செலவு: எங்கள் ஊர் மருந்துக் கடையில் ஆளுக்கு 150 ரூபாய்க்குள் முடிந்தது. துறை நிதியிலிருந்து கொடுத்தோம். ரசீதை வாட்ஸ்அப்பில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். திரவம் எதையும் தபாலில் அனுப்பாதீர்கள். சிரிஞ்சும் பி.எச். தாளும் மட்டும் போகலாம்.

ஒப்புதல் கடிதத்தில் இவை இருக்கட்டும்: கண்ணாடி அணிய வேண்டும், கூட ஒரு பெரியவர் இருக்க வேண்டும், பயன்படுத்திய பாத்திரம் மீண்டும் சமையலுக்குப் போகக் கூடாது, வினிகரையும் சோடாவையும் மூடிய புட்டியில் கலக்கக் கூடாது, அயோடின் ஒவ்வாமை உள்ளவர் செய்யக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில்: கழிப்பறை அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதே. குளோரின் வாயு வரும். ஆர்வமுள்ள பிள்ளைதான் சொல்லாததையும் செய்து பார்க்கும்.

9. ரெக்கார்டு, மதிப்பெண், வைவா

வீடியோவைப் பார்த்து மொத்த செய்முறையையும் ரெக்கார்டில் நகலெடுக்க வைக்காதீர்கள். அப்சர்வேஷன் நோட்டின் கையெழுத்துப் பக்கம், தேதியுடன், போட்டோவாக 48 மணி நேரத்துக்குள் வந்தால் போதும். கோப்பின் பெயர் பதிவெண்ணில் தொடங்க வேண்டும் என்று முதல் நாளே கட்டாயமாக்குங்கள். நான் சொல்லத் தவறியதால் பருவ இறுதியில் பெயரில்லாத நானூறு படங்களை உட்கார்ந்து பிரித்தேன். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் துறையின் மின்னஞ்சல் கணக்கில் ஏற்றுங்கள். சொந்தப் போனில் மட்டும் இருந்தால் போன் போகும்போது ஆதாரமும் போகும்.

அகமதிப்பீட்டில் நான் பாதி மதிப்பெண்ணைத் தீர்மானங்களுக்கும் காரணங்களுக்கும் வைத்தேன். விடையின் துல்லியத்துக்கு மிகக் குறைவு. வைவா ஆளுக்கு எட்டு நிமிடம், சாதாரணப் போன் அழைப்பில். வீடியோ கேட்காதீர்கள், ஒற்றை அறை வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அது கூச்சம். இருபது பேருக்கு மூன்றரை மணி நேரம் ஆகும், இடைவெளியோடு சேர்த்து. புறத்தேர்வாளர் இருந்தால் பத்து நாள் முன்பே அவருக்குத் தவறான வீடியோக்களையும் உப்புப் படங்களையும் அனுப்பிவையுங்கள்.

10. லேப் திறந்ததும் ஐந்து நாள்

முதல் படியில் ஒத்திவைத்த கை வேலைப் பட்டியலை இப்போது எடுங்கள். புதிய சோதனை எதுவும் வேண்டாம். பிப்பெட், பியூரெட், எடைபோடுதல், வடித்தல், சூடேற்றுதல். நாளுக்கு ஒன்று, குழுவுக்கு மூன்று மணி நேரம். இந்த ஐந்து நாளையும் இரண்டாம் படியின் தீர்மானத்திலேயே எழுதி வாங்கியிருந்தால்தான் கிடைக்கும். இல்லாவிட்டால் பாடம் முடிக்க வேண்டும் என்று எல்லோரும் அந்த நேரத்தைக் கேட்பார்கள்.

மாணவர் வருவதற்கு மூன்று நாள் முன்னால் நீங்களும் லேப் உதவியாளரும் உள்ளே போங்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எரிவாயு ரப்பர் குழாய்களில் வெடிப்பு உண்டா என்று சோப்பு நீர் தடவிப் பாருங்கள். பழைய சோடியம் ஹைட்ராக்சைடு, பெர்மாங்கனேட், பெரஸ் கரைசல்களைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரியுங்கள். மாதக்கணக்கில் கிடந்த ஈதர் புட்டியைத் திறக்க முயலாதீர்கள். உள்ளே பெராக்சைடு சேர்ந்திருக்கலாம். அதைத் தொடாமல், துறைத் தலைவருக்கு எழுத்தில் தெரிவித்து, முறையாக அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். வெள்ளம் புகுந்த லேப் என்றால் மின்பணியாளர் பார்த்துச் சொல்லும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள். லேபிள் அழிந்த புட்டிகளை மோந்து பார்த்து அடையாளம் காணும் வேலையும் வேண்டாம். தனியாக ஒதுக்கி, எண்ணிட்டு, ஸ்டாக் ரிஜிஸ்டரில் எழுதுங்கள்.

முதல் நாள் காலை எல்லோர் கையிலும் பியூரெட்டைக் கொடுத்து, வெறும் தண்ணீரை நிரப்பி, துளித்துளியாக விட மட்டும் சொல்லுங்கள். அரை மணி நேரம். வேறொன்றும் வேண்டாம்.